தரை டிக்கெட்: சிமென்ட் தரை கேள்வி-பதில்

கே: கார் நிறுத்தும் போர்டிகோவில் ஸ்டாம்ப்டு கான்கிரீட், அதாவது அச்சு பதித்த தளம் போட ஆசை. கல் டிசைன், செங்கல் டிசைன், மரப்பலகை டிசைன் என்று ஆல்பம் காட்டுகிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது?
- கிரகப்பிரவேச அவசரக்காரர், திருச்சி

ப: ஆல்பத்தை மூடி வைத்துவிட்டு வந்த ஆளிடம் மூன்று கேள்வி கேளுங்கள். அடிமண்ணுக்குத் தண்ணீர் விட்டுத் திமிசு போட்டாயிற்றா? தளம் எத்தனை அங்குலம்? மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் போகும்? ஆள் நடமாட மட்டும் என்றால் 4 அங்குலம் போதும். கார் ஏறும் என்றால் 5. தண்ணீர் லாரியே உள்ளே வந்து போகிற வீடு என்றால் 6. வாட்டம் அடிக்குக் கால் அங்குலம் விடச் சொல்லுங்கள். பத்தடி நீளத்துக்கு இரண்டரை அங்குலம் இறங்க வேண்டும். இறக்கம் கேட் பக்கமோ தோட்டத்துப் பக்கமோ இருக்கட்டும். வாசற்படிப் பக்கம் இருந்தால் ஐப்பசியில் நீங்கள் எனக்கு இன்னொரு கடிதம் எழுதுவீர்கள்.

இதற்கெல்லாம் நேரான பதில் வந்தபிறகு ஆல்பத்தைத் திறக்கலாம். நாம் வாசலைத் தினமும் கூட்டுகிறவர்கள், கழுவுகிறவர்கள். உருளைக்கல் டிசைனின் ஆழமான பள்ளத்தில் புழுதி போய் உட்கார்ந்தால் விளக்குமாறு எட்டாது. மேலோட்டமான சொரசொரப்புள்ள பலகைக்கல் டிசைன்தான் நம் வாசலுக்குச் சரி. மரப்பலகை டிசைன் முதல் மாதம் தேக்காகத் தெரியும். அதன் ரேகைகளில் செம்மண் ஏறியபிறகு என்ன மரம் என்று நீங்களே சொல்ல மாட்டீர்கள்.

கே: போர்டிகோவுக்கு அடியில்தான் எங்கள் சம்ப். அதன் மேல் இந்த வேலை செய்யலாமா?
- அதே திருச்சி, பக்கத்துத் தெரு

ப: செய்யலாம். ஆனால் சம்ப் மூடியை முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். தட்டு மாதிரி குழியுள்ள இரும்பு மூடி வாங்கி, அதற்குள்ளும் அதே கலவையை நிரப்பி, அதே அச்சைப் பதிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இத்தாலியக் கல் தரைக்கு நடுவே ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் மூடி உட்கார்ந்திருக்கும். வருகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் பார்ப்பார்கள். இன்னொன்று, சம்பின் மேல் தளமும் வெறும் மண்ணின் மேல் தளமும் சேருமிடத்தில் கட்டாயம் ஒரு ஜாயின்ட் வேண்டும். ஒன்று அசையாது, மற்றது கொஞ்சமாவது இறங்கும்.

கே: அச்சு பதிக்கிற நேரத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? எங்கள் வீட்டில் பாதித் தரையில் டிசைன் ஆழமாகவும் மீதியில் லேசாகவும் விழுந்திருக்கிறது.
- பாதி திருப்தி, சேலம்

ப: கட்டைவிரலால்தான். கான்கிரீட்டை அழுத்தினால் கால் அங்குலம் பதிய வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது. அந்தப் பதம் வந்ததும் கலர் ஹார்டனர் தூவித் தேய்த்த பரப்பில் அச்சு ஒட்டாமலிருக்க ரிலீஸ் பவுடரை விசிறி, பாலியூரித்தேன் அச்சுப் பாய்களை வரிசையாகப் போட்டு, மேலே ஏறி நின்று இடிக்கிறார்கள். சேலத்து மே மாத வெயிலில் இந்தப் பதம் வந்ததும் தெரியாது, போவதும் தெரியாது. உங்கள் வீட்டில் முதல் பாதியைப் பதித்து முடிப்பதற்குள் அடுத்த பாதி இறுகிவிட்டது. காரணம் பெரும்பாலும் இரண்டு: ஆள் பற்றாக்குறை, பாய் பற்றாக்குறை. தளத்தின் அகலத்துக்கு ஒரு வரிசை முழுக்கப் பரப்பவும், அடுத்த வரிசையைத் தொடங்கவும் போதுமான பாய்கள் கையில் இருக்க வேண்டும். நான்கு பாயை வைத்துக்கொண்டு 400 சதுர அடி எடுக்கிறவரை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். வேலையை விடியற்காலையில் தொடங்கி, மேலே பச்சை வலை கட்டினால் இன்னும் கொஞ்சம் நேரம் கிடைக்கும்.

ஆறிய தரையில் மறுபடி அச்சு விழாது. மேலே மெல்லிய ஓவர்லே போட்டு அதில் பதிக்கலாம். அது தனிச் செலவு, தனி ஒப்பந்தம், தனிச் சண்டை.

கே: கான்கிரீட்டில் அச்சு பதிக்கும் இந்தக் கலையைக் கண்டுபிடித்த புண்ணியவான் யார்?
- பொது அறிவுப் பைத்தியம், விருதுநகர்

ப: அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் மான்டெரே பக்கத்தில், 1950-களில் பிராட் போமன் என்பவர் தொடங்கி வைத்ததாகச் சொல்வார்கள். அச்சில்லாமல் வெறும் கரண்டியாலேயே சிமென்ட்டை அழகாக்கிய நம் கொத்தனார்களுக்குப் பெயர்ப்பலகை வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

கே: கலவை தண்ணியாக இருந்தால்தான் இழுக்க வசதி என்று கொத்தனார் அடம்பிடிக்கிறார். அண்ணாச்சி, நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்.
- வீடு கட்டிப் பார்ப்பவர், பாளையங்கோட்டை

ப: யாருக்கு வசதி தம்பி? அவருக்கு ஒரு நாள் வசதி. உங்களுக்கு இருபது வருஷம் அசௌகரியம். 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீர் என்பதை எல்லையாக வையுங்கள். எம்-சாண்ட் ஈரமாக வந்திருந்தால் அந்த ஈரமும் இந்தக் கணக்கில்தான் சேரும். சிமென்ட் தான் இறுகுவதற்கு எடுத்துக்கொள்ளும் தண்ணீர் அதன் எடையில் கால்பங்குதான். மீதி எல்லாம் கலக்கவும் பரப்பவும் சேர்ப்பது. அந்த மீதி ஆவியாகிப் போகும்போது விட்டுச் செல்லும் நுண்துளைகளில்தான் பிற்பாடு எண்ணெயும் கறையும் குடியேறும், சுருங்கும்போது கீறலும் விழும். கலவை ரசம் மாதிரி ஓடினால் நிறமும் ஒரே சீராக நிற்காது. வழுவழுப்பு வேண்டுமென்றால் தண்ணீர் வேண்டாம், பிளாஸ்டிசைசர் என்று கேன்களில் கிடைக்கிறதே, அதைக் கொஞ்சம் ஊற்றச் சொல்லுங்கள்.

இன்னொரு பழக்கத்தையும் கண்காணியுங்கள். மேலே தண்ணீர் கசிந்து மினுங்கினால், அதை உறிஞ்சுவதற்காகக் காய்ந்த சிமென்ட்டை விசிறித் தேய்த்துவிடுவார்கள். பார்க்கப் பளிங்காக இருக்கும். ஆறு மாதத்தில் அந்த மேல்தோல் மாவாக உதிரும். கசிந்த தண்ணீர் தானாக வற்றும்வரை காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். டீ வாங்கிக் கொடுங்கள்.

கே: போட்டு மூன்று மாதம்கூட ஆகவில்லை, குறுக்கே ஒரு கீறல். யாரைக் குற்றம் சொல்வது?
- இ.எம்.ஐ. கட்டுபவர், தாம்பரம்

ப: கான்கிரீட் சுருங்கும், சுருங்கினால் கீறும். எங்கே கீற வேண்டும் என்பதை மட்டும்தான் நாம் முடிவு செய்ய முடியும். நாம் முடிவு செய்யவில்லை என்றால் அது செய்துகொள்ளும். உங்கள் வீட்டில் நடந்தது இதுதான்.

4 அங்குலத் தளத்துக்கு எட்டு முதல் பத்தடிக்கு ஒரு ஜாயின்ட் வேண்டும். ஆழம் தளத்தின் கனத்தில் கால்பங்கு, அதாவது ஓர் அங்குலம். காலையில் போட்ட தளத்தை அன்று மாலைக்குள் கட்டர் வைத்து வெட்ட வேண்டும், வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரம். 'நாளைக்கழிச்சு வந்து வெட்டறேன் சார்' என்றால், கீறல் அதற்கு முன்னால் வந்து வேலையை முடித்துவிடும். கட்டங்கள் ஏறக்குறையச் சதுரமாக இருக்கட்டும், நீளம் அகலத்தைப் போல் ஒன்றரை மடங்கைத் தாண்டக் கூடாது. போர்டிகோத் தூணைச் சுற்றித் தெர்மோகோல் பட்டை வைத்துவிட்டுத் தளம் போட்டிருந்தால் தூணின் மூலையிலிருந்து கிளம்பும் அந்தக் கோணல் கீறல் வராது.

இப்போது செய்ய வேண்டியது: ஐந்து ரூபாய் நாணயத்தைக் கீறலின் குறுக்கே நகர்த்திப் பாருங்கள். தட்டாமல் போனால் வெறும் சுருக்கக் கீறல். சீலர் என்ற பாதுகாப்புப் பூச்சு அடிக்கும்போது நிரப்பிக்கொள்ளலாம். ஒரு பக்கம் தட்டினால் அடிமண் இறங்கியிருக்கிறது. அதற்கு மேலே எதைப் பூசினாலும் வீண்.

கே: 'தண்ணி விட்டது போதும்' என்று மூன்றாம் நாளே சொல்கிறார்கள். எத்தனை நாள் விட வேண்டும்?
- குழாயைப் பிடித்தபடி நிற்பவர், மதுரை

ப: இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 சாதாரண சிமென்ட்டுக்கே குறைந்தது 7 நாள் என்கிறது. இப்போது கடையில் கிடைப்பது பெரும்பாலும் சாம்பல் கலந்த பி.பி.சி. அதற்கு 10 நாள். மதுரை மாதிரி காய்கிற ஊரில் 14 நாள். நிறமேற்றிய தரையில் சாக்கை நனைத்துப் போடாதீர்கள், சாக்கின் கோடுகள் அப்படியே பதியும். காலையில் நனைத்துச் சாயங்காலம்வரை காயவிடுவதும் வேண்டாம், நிறம் திட்டுத்திட்டாகும். அச்சு பதித்த தரைக்கு அதற்கென்று உள்ள க்யூரிங் திரவம் உத்தமம்.

கே: பாட்டி வீட்டில் இருந்த சிவப்புத் தரை வேண்டும். 'அதெல்லாம் இப்ப யாருக்குங்க தெரியும்' என்கிறார் இன்ஜினியர். முடியுமா?
- பேத்தி, காரைக்குடி

ப: முடியும். இன்ஜினியருக்குத் தெரியாது என்பதைத் தவிர வேறு தடை இல்லை. சுற்று வட்டாரத்தில் ரெட் ஆக்சைடு போடத் தெரிந்த கொத்தனார் ஒருவராவது இருப்பார். அவருடைய பழைய வேலை ஒன்றைப் போய்ப் பார்த்துவிட்டு, வெறுங்காலால் நடந்து பார்த்துவிட்டு ஆளைப் பேசுங்கள்.

வேலை இப்படி நடக்க வேண்டும். அடித்தளம் சொரசொரப்பாக இருக்க வேண்டும், முந்தின நாளே தண்ணீர் குடித்திருக்க வேண்டும். ஆக்சைடு பொடியைச் சிமென்ட்டோடு காய்ந்த நிலையிலேயே கலந்து சல்லடையில் சலிக்க வேண்டும். ஒரு அறைக்குத் தேவையான மொத்தத்தையும் ஒரே தடவையில் கலந்து மூட்டை கட்டி வைத்துவிட வேண்டும். காலையில் ஒரு கைப்பிடி, மதியம் ஒரு கைப்பிடி என்று போனால் அறையில் எங்கே சாப்பாட்டு இடைவேளை விட்டார்கள் என்று தரையே காட்டிக்கொடுக்கும். சிமென்ட் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நிறப்பொடி வேண்டாம், அதாவது மூட்டைக்கு 5 கிலோ. அதற்கு மேல் போட்டால் சிவப்பு கூடாது, வலு குறையும்.

பிறகு கரண்டி. சாந்தை விரித்து, மட்டப்பலகை ஓட்டி, மேலே நிறச் சிமென்ட் பால் கொடுத்து, இறுக இறுகக் கரண்டியை அழுத்தி இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணாடிப் பளபளப்பு எண்ணெயில் வருவதல்ல, இந்த அழுத்தத்தில் வருவது. கரண்டியின் ஓரம் எங்கேயாவது கோடு கிழித்தால் அது சாகும்வரை இருக்கும். ஒரு அறையை ஒரே நாளில் முடிக்க வேண்டும். பெரிய கூடமென்றால் கறுப்பு ஆக்சைடு பார்டரோ கண்ணாடிப் பட்டியோ வைத்துப் பிரித்துக்கொள்ளலாம். அந்தக் காலத்தில் ஓரத்தில் கறுப்புப் பட்டை போட்டது அழகுக்கு மட்டும் என்று நினைத்தீர்களா? அன்றைய வேலை எங்கே முடிந்தது என்பதையும் அது மறைத்துவிடும்.

தண்ணீர் காட்டி, காய்ந்தபிறகு, தேங்காயெண்ணெயைத் துணியில் தொட்டுத் தேயுங்கள். 'தொட்டு' என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். ஊற்றினால் தூசியெல்லாம் அப்பிக் கறுக்கும். எண்ணெய் பிடிக்காதவர்கள் மெழுகு போடலாம். புதிதில் வெளிறித் தெரிந்தால் பயப்பட வேண்டாம். இரும்பு ஆக்சைடு வெயிலில் நிறம் போகிற சரக்கல்ல. மேலே சுண்ணாம்பு பூத்திருக்கும், துடைக்கத் துடைக்கப் போகும்.

கே: ரெட் ஆக்சைடு என்றாலே ஏழை வீட்டுத் தரை என்கிறார் என் வருங்கால மாமனார்.
- நிச்சயதார்த்தத்துக்கு முன், ஈரோடு

ப: அமெரிக்காவின் பேர்பெற்ற கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட், 1930-களில் கட்டத் தொடங்கிய யுசோனியன் வீடுகளில் சிவப்பேற்றிய கான்கிரீட் தரையைத்தான் விரும்பிப் போட்டார். கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கரும் ரெட் ஆக்சைடைக் கைவிடவில்லை. கல்யாணம் முடிந்தபிறகு இதை மாமனாரிடம் சொல்லுங்கள்.

கே: நீல நிறத்தில் போர்டிகோ வேண்டும்.
- கடல் பிரியர், நாகப்பட்டினம்

ப: சிவப்பு, மஞ்சள், பழுப்பு, கறுப்பு எல்லாம் இரும்பின் தயவு, மலிவு, வெயில் தாங்கும். நல்ல நீலம் கோபால்ட்டிலிருந்து வருகிறது, விலை கேட்டால் உட்கார்ந்துவிடுவீர்கள். மலிவான நீலம் ஒரு கோடையைத் தாண்டாது. கடலைக் கடற்கரையிலேயே பாருங்கள்.

கே: ஆத்தங்குடிக் கல் என்று விற்கிறார்கள். அசலா, அச்சடித்த டைல்ஸா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
- ஏமாறத் தயாரில்லாதவர், கோவை

ப: திருப்பிப் பாருங்கள், பிறகு ஓரத்தைப் பாருங்கள். அசலில் பின்பக்கம் சொரசொரவென்று சிமென்ட் சாந்தாக இருக்கும். ஓரத்தில் நிறம் சில மில்லிமீட்டர் கனத்துக்கு உள்ளே இறங்கியிருக்கும். பத்துக் கல்லை வரிசையாக வைத்தால் ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது, பூவின் இதழ் ஒன்றில் கொஞ்சம் வழிந்திருக்கும். காரைக்குடிக்குப் பக்கத்து ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, கட்டம் கட்டமாக நிறச் சிமென்ட்டைக் கையால் ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்துவிட்டு, மேலே காய்ந்த மணலும் சிமென்ட்டும் தூவி, அதன்மேல் சாந்து வைத்து, பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறப் போடுகிறார்கள். சூளையே கிடையாது. காய்ந்து கண்ணாடி விலகும்போது, கண்ணாடியில் பட்டிருந்த முகம் கண்ணாடியாகவே வருகிறது. இத்தனையும் கையால் நடப்பதால் பெட்டிக்குப் பெட்டி நிறம் மாறும். நான்கைந்து பெட்டிகளைத் திறந்து கலந்து கலந்து பதிக்கச் சொல்லுங்கள்.

வானம் பார்த்த முற்றத்தில் போட வேண்டாம். மழையும் பாசியும் அந்த முகத்தைச் சொரசொரப்பாக்கிவிடும். நிழலில், தினமும் கால் படுகிற இடத்தில் போடுங்கள். நடக்க நடக்க மெருகேறுகிற தரை அது.

கே: மாமியார் வாரத்துக்கு ஒருமுறை சிமென்ட் தரையில் ஆசிட் ஊற்றித் தேய்க்கிறார். 'நுரை வந்தா அழுக்குப் போகுதுன்னு அர்த்தம்' என்கிறார்.
- வாய் திறக்க முடியாத மருமகள், தஞ்சாவூர்

ப: நுரைப்பது அழுக்கல்ல அம்மா, உங்கள் தரை. சிமென்ட்டில் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. ஆசிட் பட்டதும் அது கரைந்து வாயுவாகப் பொங்குகிறது. வாரத்துக்கு ஒரு தோல் உரிகிறது. சீலர் போன தரையில் எலுமிச்சைச் சாறு, புளித்தண்ணீர், வினிகர் எல்லாமே இதே வேலையைக் கொஞ்சம் மெதுவாகச் செய்யும். பித்தளைக் குடத்துக்குப் போடும் புளியைத் தரையில் சிந்த விடாதீர்கள். தரை துடைக்க வெறும் தண்ணீர் அல்லது காரமோ அமிலமோ இல்லாத மிதமான சோப்புத் தண்ணீர் போதும். மாமியாரிடம் நேராகச் சொல்ல வேண்டாம். இந்தப் பக்கத்தைக் கிழித்துக் காலண்டருக்குக் கீழே மாட்டிவிடுங்கள்.

கே: ஆசிட் கூடாது என்று சொல்வீர்கள். ஆசிட் ஸ்டெயின் என்று தரைக்கு நிறமே ஏற்றுகிறார்களே?
- மடக்கிவிட்டதாக நினைப்பவர், புதுச்சேரி

ப: மடக்கிவிட்டீர்கள்தான், பாதி தூரம். அது ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் உலோக உப்புகளைக் கரைத்த திரவம். அமிலம் மேற்பரப்பைத் திறக்க, உப்புகள் கான்கிரீட்டின் சுண்ணாம்போடு சேர்ந்து நிறமாகி உள்ளேயே தங்கிவிடும். ஒரே ஒருமுறை செய்து, ஆப்பசோடாத் தண்ணீரால் கழுவி அமிலத்தை அடக்கி, மேலே சீலர் அடிக்கிறார்கள். வாராவாரம் ஊற்றுவதில்லை. பழுப்பு, தேன் நிறம், பாசிப்பச்சை என்று சில நிறங்கள்தான் கிடைக்கும். எங்கே கருக்கும், எங்கே வெளிறும் என்பதைத் தரைதான் தீர்மானிக்கும். கேட்லாக்கில் பார்த்த அதே நிறம் வந்தாக வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்கள் இதன் பக்கம் போக வேண்டாம். பழைய கறை, பழைய ஒட்டுவேலை எல்லாம் மறையாது, இன்னும் எடுப்பாகத் தெரியும்.

கே: ஸ்டாம்ப்டு வாசலில் மார்கழிக் கோலம் போட முடியவில்லை. புள்ளி எல்லாம் பள்ளத்தில் விழுகிறது.
- 21 புள்ளிக்காரி, கும்பகோணம்

ப: டிசைன் ஆல்பம் தயாரித்தவர் மார்கழியைப் பார்க்காதவர். வாசற்படிக்கு நேரே ஆறடிக்கு ஆறடி மட்டும் அச்சில்லாமல் கட்டையால் தேய்த்த மொட்டைத் தளமாக விடச் சொல்லியிருக்கலாம். நிறத்தைக் கொஞ்சம் கருக்கவும் சொல்லியிருக்கலாம். வெள்ளைக் கோலம் எடுப்பாக இருந்திருக்கும். இதைப் படிக்கிற மற்றவர்களாவது குறித்துக்கொள்ளட்டும். உங்கள் வாசலில் அந்தச் சதுரத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, வேறு நிறத்தில் வேண்டுமென்றே மாற்றிப் போடுங்கள். அதே நிறத்தில் ஒட்டுப்போட முயன்றால் ஒட்டு என்று ஊருக்கே தெரியும்.

சீலர் இல்லாத தரையில் ஈரமாக்கோலமும் காவியும் துளைக்குள் இறங்கிவிடும். விசேஷத்துக்கு முன்னால் சீலர் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கரண்டித் தண்ணீரை ஊற்றினால் முத்துமுத்தாக நிற்க வேண்டும். ஊறிக் கறுத்தால் சீலர் போய்விட்டது.

கே: சீலர் அடித்த மறுவாரமே தரை பால் நிறத்தில் வெளுத்துவிட்டது. போலிச் சரக்கா?
- வாட்ஸ்ஆப்பில் படம் அனுப்பியவர், வேளச்சேரி

ப: சரக்கைவிட அவசரம்தான் காரணமாக இருக்கும். ஈரம் முழுதாகப் போகாத தளத்தில் அடித்தாலோ, ஒரே கோட்டில் கெட்டியாக அடித்தாலோ, வெளியேறும் ஈரம் படலத்துக்கு அடியில் சிக்கி வெளுக்கும். புதுத்தளத்துக்கு 28 நாள் கழித்து, தொடர்ந்து இரண்டு நாளாவது வெயில் காய்ந்தபிறகு, மெல்லிய கோட் இரண்டு. வேளச்சேரியில் நவம்பரில் அடிக்கவே அடிக்காதீர்கள். பிப்ரவரி, மார்ச் மாதக் காலை வேளை உகந்தது. தரை சுடுகிற உச்சி வெயிலில் அடித்தால் குமிழ் கட்டும்.

ஈரம் இருக்கிறதா என்று பார்க்க ஒன்றரை அடிச் சதுரப் பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டிவிட்டு 16 மணி நேரம் கழித்துத் தூக்கிப் பாருங்கள். அடியில் முத்துமுத்தாக வியர்த்திருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ இன்னும் காத்திருக்க வேண்டும்.

அக்ரிலிக் சீலர் என்றால் உங்கள் வெளுப்பைச் சரிசெய்ய வழி உண்டு. சைலீன் என்ற கரைப்பானை ரோலரால் லேசாகத் தடவினால் படலம் இளகி, ஈரம் வெளியேறி, மறுபடி இறுகும். முகமூடி போட்டுக்கொள்ளுங்கள், பக்கத்தில் அடுப்போ பீடியோ கூடாது. வேலைக்கு வருகிறவரின் காதுக்கு மேல் பாருங்கள், பீடி அங்கேதான் இருக்கும்.

கே: நான் சீலர் எதுவும் அடிக்கவில்லை. ஆனாலும் வெள்ளை பூத்திருக்கிறதே?
- அவருடைய எதிர்வீட்டுக்காரர்

ப: அது உப்பு பூப்பது. உள்ளிருக்கும் சுண்ணாம்பு ஈரத்தோடு மேலே வந்து காற்றிலுள்ள கரியமில வாயுவைக் குடித்து வெள்ளையாகிறது. காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்துப் பெருக்கி எடுங்கள், பிறகு கழுவுங்கள். சில மாதங்களில் தானே ஓயும். வருஷக்கணக்கில் ஓயவில்லை என்றால் அடியிலிருந்து தண்ணீர் ஏறுகிறது. குழாய் எங்கே கசிகிறது என்று பாருங்கள்.

கே: சீலர் அடித்தபிறகு அப்பா இரண்டு முறை வழுக்கிவிட்டார்.
- கவலையோடு, நாகர்கோவில்

ப: உங்கள் ஊரில் வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம். வழவழ சீலர் அங்கே ஆகாது. அடுத்த கோட்டில் நுண்ணிய சொரசொரப்புத் தூளைக் கலந்து அடிக்கச் சொல்லுங்கள், அதற்கென்றே விற்கிறார்கள். அதுவரை அப்பா நடக்கிற வழியில் கயிற்றுப் பாய் போடுங்கள். இனிமேல் புதிதாகப் போடுகிறவர்கள், சாய்வான இடத்தில் துடைப்பத்தால் குறுக்கே இழுத்த சாதாரணக் கான்கிரீட்டே போடலாம். அழகில் இரண்டாமிடம், ஆனால் எலும்பு டாக்டருக்கு வேலை இல்லை.

கே: கார் டயர் நின்ற இடத்தில் கறுப்புத் தடம். போதாததற்கு என் பழைய புல்லட் எண்ணெய் சொட்டுகிறது.
- இரண்டையும் விற்க மனமில்லாதவர், திருப்பூர்

ப: சூடான டயர் அக்ரிலிக் படலத்தை இளக்கிப் பிடுங்கும். கார் நிற்கும் இடத்துக்குப் பாலியூரித்தேன் சீலரோ, படலமே கட்டாமல் உள்ளே இறங்கும் சிலேன் வகையோ பொருத்தம். பளபளப்பு குறைவு, தொல்லையும் குறைவு. எண்ணெய்க்கு, சொட்டியவுடன் மரத்தூளையோ தவிட்டையோ கொட்டி ஒரு ராத்திரி விட்டுக் கூட்டி எடுங்கள், பிறகு சோப்புத் தூள். பெட்ரோல் ஊற்றித் துடைக்காதீர்கள், எண்ணெயும் போகாது, சீலர் போய்விடும். புல்லட்டுக்கு அடியில் ஒரு தட்டு வையுங்கள்.

கே: மொட்டை மாடியில் எபாக்சி தரை பளபளவென்று போட்டுத் தருகிறேன் என்கிறார் ஒருவர்.
- சபலம், வேலூர்

ப: வேலூர் வெயிலில் எபாக்சி மஞ்சளாகும். அதைக் கூரைக்கு அடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மொட்டை மாடிக்கு வெள்ளை நிறமும் நீர் புகாத பூச்சும்தான் தேவை. வெறுங்காலோடு வற்றல் காயப் போடப் போகிற உங்கள் அம்மாவைக் கேட்டால் கருநிறத் தரை பற்றி நிறையச் சொல்வார்.

கே: 1980-ல் கட்டிய வீடு. மொசைக் தரையை உடைத்துவிட்டு வெட்ரிஃபைடு போடலாமா?
- வாரிசு, அண்ணா நகர்

ப: சுத்தியலைக் கீழே வையுங்கள். சிமென்ட்டில் சலவைக்கல் சில்லுகளைப் பதித்துத் தேய்த்த அந்தத் தரைக்கு இன்று டெரஸோ என்று பெயர் மாற்றிக் கொள்ளை விலை சொல்கிறார்கள். உங்களுக்கு அது சும்மா கிடைத்திருக்கிறது. பாலிஷ் மெஷின்காரரைக் கூப்பிட்டு, பெயர்ந்த இடங்களில் அதே நிறச் சில்லும் சிமென்ட்டும் வைத்து நிரப்பச் சொல்லி, சொரசொரப்பான கல்லில் தொடங்கிப் படிப்படியாக நைசான கல்வரைக்கும் தேய்க்கச் சொல்லுங்கள். வீடெல்லாம் சேறாகும், மூன்று நாள் சொந்தக்காரர் வீட்டில் இருங்கள்.

கே: பேவர் பிளாக்கா, ஸ்டாம்ப்டு கான்கிரீட்டா? வீட்டில் இரண்டு கட்சி.
- நடுவர் தேடுபவர், ஓசூர்

ப: தரைக்கு அடியில் என்ன போகிறது என்று பாருங்கள். குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், கேபிள் எல்லாம் அங்கேதான் என்றால் பேவர் கட்சிக்கே என் ஓட்டு. நாளைக்குத் தோண்டினால் கல்லை எடுத்துத் திரும்ப அடுக்கலாம். ஸ்டாம்ப்டு தளத்தை உடைத்தால் உடைத்ததுதான். காருக்கு 60 மில்லிமீட்டர் கனம் போதும். கல்லிடுக்கில் புல் முளைக்கும். அதைப் பிடுங்கும் பொறுப்பு தோற்ற கட்சிக்கு.

கே: சேறே வேண்டாம் என்று காம்பவுண்டு முழுக்கக் கான்கிரீட் போட்டுவிடலாம் என்றிருக்கிறேன். தென்னை மரத்தைச் சுற்றிகூட.
- சுத்தக்காரர், பொள்ளாச்சி

ப: 2003-ல் தமிழ்நாடு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது உங்கள் கிணற்றுக்காகவும்தான். தென்னையைச் சுற்றி மூன்று நான்கு அடியாவது மண் தெரியட்டும். மதிலோரம் ஒன்றரை அடிப் பட்டை மண்ணாக விட்டு, தளத்தின் வாட்டத்தை அந்தப் பக்கம் திருப்பிவிடுங்கள். கான்கிரீட் செலவும் குறையும். சுத்தம் வேண்டுமென்றால் அந்தப் பட்டையில் கூழாங்கல் பரப்பிக்கொள்ளுங்கள்.

கே: ஈரத் தளத்தில் தெரு நாய் ஓடிவிட்டது. நான்கு கால்தடம் அழகாகப் பதிந்திருக்கிறது. கான்ட்ராக்டர் அந்த இடத்தை மட்டும் பூசிவிடுகிறேன் என்கிறார்.
- நொந்தவர், கடலூர்

ப: பூச வேண்டாம். பூசிய இடம் நிறம் மாறி, பிறகு பெயர்ந்து, தடத்தைவிட மோசமாகும். ஹாலிவுட்டில் சைனீஸ் தியேட்டர் வாசலில் 1927 முதல் நட்சத்திரங்களைக் கூப்பிட்டுச் சிமென்ட்டில் கால் பதிக்க வைக்கிறார்கள். உங்கள் ஊர் நாய் கூப்பிடாமலே வந்திருக்கிறது. சீலர் அடித்துப் பாதுகாத்துக்கொள்ளுங்கள்.

கே: வரும் வெள்ளிக்கிழமை புதுக்கார் டெலிவரி. போர்டிகோ தளம் இந்தப் புதன்கிழமைதான் போட்டோம். ஏற்றலாமா?
- நல்ல நேரம் பார்த்தவர், திண்டுக்கல்

ப: ஆள் நடக்கலாம், ஸ்கூட்டர்கூட வேண்டாம். காருக்குப் பத்து நாளாவது விடுங்கள், ஏற்றிவந்த லாரி உள்ளே வருமென்றால் 28 நாள். எலுமிச்சம்பழத்தைத் தெருவிலேயே நசுக்கிக்கொள்ளுங்கள். தளத்தில் நசுக்கினால் என்ன ஆகும் என்பதைத் தஞ்சாவூர் மருமகளுக்கு ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.